பூவி கையிலிருந்து என் போன் வரைக்கும்

மொச்சைக்காய் உரிச்சுக்கிட்டேதான் இதை எழுதுறேன். ஒரு கை உரிச்சு முறத்துல போட்டு, விரலை முந்தானையில துடைச்சு, ஒரு வரி எழுதி, மறுபடி ஒரு கை. அதனால காகிதத்துல அங்கங்க பச்சைக் கறை இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க ஊரு காவிரிக் கரையில தறி ஓடுற ஊரு. காலையில கண் முழிக்கறதும் தறிச் சத்தத்துலதான், கண்ணை மூடறதும் அதுலதான், கரண்டு போனா மட்டும் ஊரே திடீர்னு காது கேட்காதவங்க மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிக்கும். என் வீட்டுக்காரரு பூபதி தறி ஓட்டுறாரு, நான் அதே பட்டறையில தார் சுத்துறேன், தறிக்கு ஊடையில போற நூலைக் குச்சியில சுத்திக் குடுக்கற வேலை. எங்களுக்கு ஒரே மக. பூவிகா. பூவின்னு கூப்பிடுவோம்.

பூவிக்கு நெஞ்சுல ஒரு சின்ன ஓட்டை. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினா மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறினா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிடும். சேலத்து டாக்டரு, இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் ஓட்டையை அடைச்சுடலாம், அதுவரைக்கும் துடிப்பு தாறுமாறா ஓடுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொன்னாரு. பார்த்துக்கறதுக்குன்னு என் வீட்டுக்காரரு, செல்போன் கடை ரியாஸ் பாய் கிட்ட இருந்து ஒரு பழைய ஸ்மார்ட் வாட்ச் வாங்கிட்டு வந்தாரு. அது பூவி மணிக்கட்டுல இருக்கும், அவ துடிப்பு என் போன்ல இருக்கிற ஆப்புல வரும். திரையில ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி பச்சையா இருந்தா வாட்ச்சும் போனும் பேசிக்குதுன்னு அர்த்தம், சாம்பலாயிட்டா விட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

"ஒரு வீட்டுக்குள்ளதான் இது ரெண்டும் பேசிக்கும் தங்கச்சி," அப்படின்னாரு ரியாஸ் பாய். "தெருத் தாண்டினா ஒண்ணையொண்ணு விட்டுடும்."

பூவியைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். நான் வாசல்லயே உட்கார்ந்துக்கட்டுமான்னு டீச்சரைக் கேட்கலாம்னு போய், கேட் வரைக்கும் போய், வாட்ச்மேன் என்னம்மான்னு கேட்டதும் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

முதல் நாள் காலையில இவரு பூவியை டிவிஎஸ்ல முன்னாடி நிக்க வச்சுக் கிளம்பினாரு. நான் வாசல்ல போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மாவு மில்லு தாண்டினா புள்ளி சாம்பலாயிடும்னு நினைச்சுக்கிட்டே, விட்டுடாத, விட்டுடாத, விட்டுடாதன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு நின்னேன். வண்டி மாவு மில்லைத் தாண்டிச்சு. புள்ளி பச்சையாவே இருந்துச்சு. போன்ல சார்ஜ் போடற ஓட்டையில இருந்து ஒரு நூலு வந்துச்சு. நீல நூலு, பார்த்தா இருக்கு, பார்க்கலேன்னா இல்ல, அவ்வளவு மெல்லிசு. வண்டி போகப் போகத் தார்க்குச்சியில இருந்து உருவற மாதிரி அது வந்துக்கிட்டே இருந்துச்சு, தெருவு நீளத்துக்கும் இடுப்பு உயரத்துல போய், முக்குல வளைஞ்சு, கண்ணுக்குத் தெரியாத தூரத்துல என் மக கையில முடிஞ்சுச்சு.

பக்கத்து வீட்டுக் குப்பண்ணன் பல்லு விளக்கிட்டு இருந்தவரு, வாய் கொப்பளிச்சுட்டு வந்து, நூலை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பார்த்தாரு. வாழ்நாள் பூரா தறியில நின்ன கை அது.

"நூலு நல்ல நூலுதான் அம்மணி. முறுக்குத்தான் பத்தாது."

எதனால வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு யாரும் கேட்கல. எங்க ஊருல நூலு எங்க கெடந்தாலும் கேட்கிற முதல் கேள்வி அது எத்தனாம் நம்பருங்கறதுதான், நம்பரு ஏற ஏற நூலு மெல்லிசு. அதைப் பத்தித்தான் அன்னைக்கு டீக்கடையில பெரிய சண்டை. நூறுன்னாங்க, நூத்தி இருபதுன்னாங்க, கடைசியில டீ ஆத்தறவரு நூலைக் காதுல வச்சுப் பார்த்துட்டு, "அட, உள்ள கொழந்தை நெஞ்சு அடிக்குதுங்கோ," அப்படின்னாரு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பார்த்தாங்க. தொட்டா விரல் நுனியில துடிக்கும், குருவிக் குஞ்சைக் கையில வச்சிருக்கற மாதிரி.

அதுக்கப்புறம் ஊரு அந்த நூலைத் தன்னோடதா எடுத்துக்கிச்சு. தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலுக்குப் போடற கஞ்சியைப் பட்டறைக்காரங்க காய்ச்சிக் கொண்டுவந்து தெரு நெடுக அதுக்கும் பூசி விட்டாங்க, அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பூவி துடிப்பு மொடமொடன்னு வந்துச்சு. மினி பஸ் வந்தா கண்டக்டரு இறங்கி மூங்கிக் கழியால நூலைத் தூக்கிப் பிடிப்பாரு, பஸ் குனிஞ்சு போற மாதிரி மெதுவாப் போகும். மாரியம்மன் பண்டிகைக்கு அக்னிச் சட்டி எடுத்து வந்தவங்க நெருப்புப் படாம நூலுக்குக் கீழ ஒதுங்கிப் போனாங்க, ஓட்டுக் கேட்டு வந்தவங்க கொடியைச் சாய்ச்சுக்கிட்டாங்க. யாரோ விவரம் தெரியாம ஈரப் போர்வையை அதுல காயப் போட, அங்க பள்ளிக்கூடத்துல பூவி, "கை கனமா இருக்கு மிஸ்"னு சொல்ல, அதுல இருந்து அந்த நூலுல ஒரு கர்ச்சீப்பு கூட யாரும் போடறதில்ல. ஷிப்டு மாறிப் போற தறிக்காரங்க போற போக்குல அதை ஒரு தடவை தொட்டுட்டுப் போவாங்க. பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற மாதிரி இல்ல, தன் குழந்தை நெத்தியில சூடு இருக்கான்னு பார்க்கற மாதிரி.

ஆனா நூலு இருந்தா மட்டும் போதாது, போனு முழிச்சிருக்கணும்.

ரியாஸ் பாய் சொன்னாரு: "இந்தப் போன் ஒரு சோம்பேறி தங்கச்சி. சார்ஜ் மிச்சம் பண்றேன்னு, நீ பார்க்காத ஆப்பையெல்லாம் தானா மூடிப் போட்டுடும். ஆப்பு மூடினா வாட்ச் தன்னந்தனியா நிக்கும்." அந்தச் சார்ஜ் மிச்சம் பண்றதை நிறுத்தி வச்சாரு, ஆப்பு மேல ஒரு பூட்டுப் படம் வர வச்சாரு, விரலால மேல தள்ளி விட்டுடக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னாரு. அப்படியும் அது கண் அசரும். அசந்தா நூலு தொங்கும். தெருவுல நூலு தரையைத் தொட ஆரம்பிச்சா, பார்க்கறவங்க கத்துவாங்க.

"ஏ மைனா! உம் போனு தூங்குது!"

மைனாவதிங்கற என் பேரை எங்க அம்மாவைத் தவிர யாரும் சத்தமாக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல, இப்ப நாளுக்குப் பத்துத் தடவை ஊரு கூப்பிட்டுச்சு. எனக்குக் காது மடல் சுடும். போனைத் துணிப் பையில போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தார் சுத்துவேன், நடு நடுவுல தட்டி எழுப்பி, இங்கதான் இருக்கேன், நீயும் இருன்னு சொல்லிக்குவேன்.

எங்க ஊருல இன்னொரு நீள நூலும் இருந்துச்சு. வாட்ச் கட்டின மத்தவங்க எல்லாம் போனைச் சட்டைப் பையில வச்சிருந்தாங்க, அவங்களுக்குக் கைக்கும் பைக்கும் நடுவுல முழ நூலுதான். ராஜாமணியக்காவுக்கு மட்டும் அப்படியில்ல. கழிவு நூலு வாங்கி விக்கறவங்க, பட்டறை பட்டறையா ஸ்கூட்டர்ல போவாங்க, வாயைத் திறந்தா தறி நின்னுடும். கனடாவுல இருக்கற மகன் வாட்ச்சும் போனும் வாங்கி அனுப்பி, துடிப்பை அங்க இருந்தே பார்க்கற மாதிரி பண்ணி வச்சிருந்தான். அக்கா வாட்ச்சைக் கட்டிக்குவாங்க, போனை வீட்டு அலமாரியில வச்சுட்டுப் போயிடுவாங்க.

"ஏன்க்கா கூடவே வச்சுக்கறதில்ல?"ன்னு ஒரு தடவை தைரியமாக் கேட்டேன்.

"கூட இருந்தா அவன் கூப்பிடலைங்கறது தெரியுமில்ல. வீட்டுல இருந்தா, கூப்பிட்டிருப்பான், நாந்தான் இல்லைன்னு இருந்துக்கலாம்," அப்படின்னாங்க. அடுத்த மூச்சுலயே, "உம்மவ நூலு எங் கேட்டுல மாட்டுது, நாளைக்கு அறுத்துப் போடறனா இல்லையா பாரு"ன்னு வண்டியைக் கிளப்பிட்டாங்க.

அறுந்தது அவங்களால இல்ல. ஒரு மத்தியானம், பாவு சுத்தின பெரிய உருளைகளை ஏத்தின வேன் ஒண்ணு டீக்கடை முக்குல வேகமாத் திரும்ப, ரெண்டு நூலும் ஒண்ணா அறுந்துச்சு. புள்ளி சாம்பலாச்சு. நான் தாரை அப்படியே விட்டுட்டு எந்திரிக்கறதுக்குள்ள மறுபடி பச்சையாச்சு. டீக்கடையில குப்பண்ணன் உட்கார்ந்திருந்தாராம். பேச்சு மும்முரத்துல, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம, காத்துல ஆடிட்டு வந்த நுனிகளைப் பிடிச்சு, எச்சி தொட்டு, முடிச்சுப் போட்டுட்டாராம். எங்க ஊருக்காரங்க கை அப்படித்தான், அறுந்த ரெண்டு நுனி கையில பட்டா மூளையைக் கேட்காது.

பச்சையாத்தான் இருந்துச்சு புள்ளி. ஆனா துடிப்பு வேற. ரெண்டு அடிக்கும், ஒண்ணு விடும், கிடுகிடுன்னு ஓடும், நிக்கும், நின்னுச்சோன்னு நான் நினைக்கறப்ப மறுபடி ஒண்ணு அடிக்கும்.

நான் ஓடினேன். செருப்பு எங்க போச்சுன்னு தெரியல. தறி முன்னால நின்ன இவரு என்னைப் பார்த்துட்டு அப்படியே தறியை நிறுத்திட்டுப் பின்னால வந்தாரு, கடையில இருந்த ரியாஸ் பாய் எங்களைப் பார்த்துட்டு ஷட்டரைக் கூட இறக்காம வந்தாரு. அன்னைக்கு வாட்ச்மேன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல, கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

பூவி மணல்ல குந்தி உட்கார்ந்து இட்லி சுட்டுக்கிட்டு இருந்தா. ஆமணக்கு இலையில ஒரு மணல் இட்லியை வச்சு எங்கிட்ட நீட்டினா.

"சட்னி... அப்புறம்மா."

நான் அவ நெஞ்சுல காதை வச்சேன். அவளோட சின்னத் துடிப்பு, எப்பவும் போல. போன்ல அந்த இன்னொண்ணு திணறிக்கிட்டு இருந்துச்சு. ரியாஸ் பாய் போனை வாங்கிப் பார்த்துட்டு நிம்மதியா மூச்சு விட்டாரு.

"வேற யாரோட வாட்ச்சோ மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இணைப்பைத் துண்டிச்சுட்டுப் புதுசா சேர்த்தாப் போதும். இந்த நூலு உதிர்ந்துடும், பாப்பா கையில இருந்து புது நூலு வந்துடும். ஒரு நிமிஷ வேலை."

"சேருங்க பாய், சீக்கிரம்," இவரு சொன்னாரு.

ரியாஸ் பாய் விரலைத் திரைகிட்டக் கொண்டுபோனாரு.

"வேண்டாம்!"

யாரு கத்தினதுன்னு எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். நான்தான்.

"அது யாரோ ஒருத்தரு உசுருங்க," அப்படின்னேன். "நூலு உதிர்ந்துட்டா அவங்க எங்க கெடக்காங்கன்னு எப்படித் தேடறது?"

"நம்ம புள்ளையை யாரு மைனா பார்க்கறது?" இவரு குரல் உடைஞ்சு வந்துச்சு. கேட்டது நியாயம்தான். அப்ப டீச்சரம்மா வந்து மணல்ல என் மக பக்கத்துல உட்கார்ந்து, அவ மணிக்கட்டுல விரலை வச்சுக்கிட்டு, "எனக்கும் எண்ணத் தெரியும். நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க. அன்னைக்கு என் மக துடிப்பை இன்னொருத்தர் விரலுல விட்டுட்டு, திரும்பிப் பார்க்காம, நூலைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் நடந்தேன்.

நூலு டீக்கடை முக்குக்குப் போச்சு, குப்பண்ணன் முடிச்சைத் தாண்டுச்சு, சாயப்பட்டறைச் சந்துல நுழைஞ்சுச்சு. கையில துடிப்பு வரவரக் குறைஞ்சுச்சு. வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் நான் கத்தினேன், "வழி விடுங்க, நூலை மிதிக்காதீங்க, வண்டியை நிறுத்துங்க"ன்னு நான், மைனா, கத்தினேன். ஊரு நின்னுச்சு. நூலு பெரிய தறிப் பட்டறை ஒண்ணுக்குள்ள போய், ஓடிக்கிட்டு இருந்த தறிகளுக்கு நடுவுல போய், பின்னால கழிவு நூலு கொட்டற அறைக்குள்ள போச்சு. அங்க நூல் குவியல்ல சாய்ஞ்சு, மூஞ்சியெல்லாம் வேர்த்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ராஜாமணியக்கா கெடந்தாங்க. கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய வாய் கூப்பிட்டும், தறிச் சத்தத்துல, பத்தடி தள்ளி நின்ன ஆளுக்குக் கேட்கல.

என்னைப் பார்த்ததும், "நீயா புள்ள," அப்படின்னாங்க. "அறுக்காம விட்டது... நல்லதாப் போச்சு."

மினி பஸ்ஸுல இருந்த ஆளுங்க தானா இறங்கிக்கிட்டாங்க, அக்காவைப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே மாறின முடிச்சை அவிழ்த்து, அவங்கவங்க நுனியோட சரியாக் கட்டிட்டாங்க.

அந்தப் பக்கத்துக் கதை அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. முடிச்சு மாறினதுல பூவி துடிப்பு அக்கா வீட்டு அலமாரியில இருந்த போனுக்குப் போயிருக்கு, அங்க இருந்து கனடாவுக்கும் போயிருக்கு. மகன் அங்க பார்த்தா, அவங்க அம்மா நெஞ்சு அஞ்சு வயசுப் புள்ளை நெஞ்சாட்டம் குதிக்குது. பயந்து போய்க் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். அக்கா வீடு திரும்பி அலமாரியைத் திறந்தா போன் பூரா அவன் பேரு. அக்கா அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அவங்க பேசாம இருந்தது ஊருக்கே பயமாப் போயிடுச்சு.

குப்பண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தாரு. "முடிச்சு நல்ல முடிச்சுதானுங்க, ஆளுதான் மாறிப் போச்சு."

"எங்கிட்டயே மாத்திக் கட்டிட்டு, அதுல பெருமை வேற," அக்கா ஆரம்பிச்சுட்டாங்க, எங்களுக்கு உசுரு வந்துச்சு.

"ஒத்தை இழையா வுட்டா இப்படித்தான் அறுந்துக்கிட்டே கெடக்கும்," குப்பண்ணன் சொன்னாரு. "ரெண்டையும் சேர்த்து முறுக்கி வுட்டுடலாங்களா?"

முறுக்கினாங்க. தெருவு நெடுக ஆளுங்க நின்னு, ஆளுக்கு ஒரு முழம் பிடிச்சு, தொடையில வச்சு உருட்டி, என் மக நூலையும் அக்கா நூலையும் ஒண்ணா முறுக்கினாங்க. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட அது விட்டுப் போகல. என் போன் கண் அசந்தாலும் அக்கா போன் பிடிச்சுக்கும், அக்கா போன் அசந்தா என்னோடது. தொட்டா ரெண்டு துடிப்பு, சின்னது ஓடும், பெருசு பின்னாலயே நடந்து வரும். அக்கா இப்ப போனை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் ஸ்கூட்டர்ல ஏறுவாங்க, எங்க பட்டறை வாசல்ல வண்டியை நிறுத்தி, தறிச் சத்தத்துக்கு மேல கத்துவாங்க. "மைனா! உம்மவ தூங்கறா!" கொஞ்சம் கழிச்சு, "முழிச்சுட்டா! எவளோடயோ சண்டை போடறா!"

எடை ஏறுச்சு. சேலத்துக்குப் போனோம். பின்னாலயே நூலும் வந்துச்சு, நெடுஞ்சாலை ஓரத்துல புளியமரத்துக்கு மரம் தாவி வந்துச்சு. ஆபரேஷன் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போறப்ப வாட்ச்சைக் கழட்டி என் உள்ளங்கையில குடுத்துட்டாங்க. அந்த நேரம் பூரா ஊருல தறியை நிறுத்திட்டு நூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். சின்னத் துடிப்பு இல்ல, பெருசு மட்டும் தனியா நடந்துக்கிட்டு இருந்துச்சாம். சாயங்காலம் நர்ஸம்மா வாட்ச்சை வாங்கிட்டுப் போய் அவ கையில கட்டினதும், அங்க தெருவுல எல்லா விரலுலயும் ஒரே நேரத்துல அது வந்துச்சாம். திணறல் இல்ல, ஒரே சீரா. குப்பண்ணன், "இப்பத்தான் முறுக்குச் சரியா இருக்குது"ன்னு சொல்லிட்டு மூஞ்சியைத் துண்டுல மூடிக்கிட்டாராம்.

ஓட்டை அடைஞ்சு போச்சு. இனி வாட்ச் வேண்டாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. பவானியில இன்னொரு குழந்தைக்கு வேணுமாம், ரியாஸ் பாய் இன்னைக்கு வந்து வாங்கிக்கறேன்னாரு. அக்கா அவங்க வாட்ச்சை என் போன்லயே சேர்த்து விட்டுட்டாங்க, "அங்க இருந்து அவன் பார்க்கட்டும், இங்க இருந்து நீ பாரு"ன்னுட்டாங்க. பூவியோடதை மட்டும் எடுத்து விடணும். அதுக்கு ஆப்புல அவ வாட்ச் பேரைத் தொட்டா கீழ ஒரு பட்டன் வருது. அதுல 'மறந்துவிடு'ன்னு எழுதியிருக்கு.

காலையில இருந்து அதைத் தொறக்கறேன், மூடறேன். பெத்தவகிட்ட இப்படியா எழுதிக் கேட்கறதுன்னு ரியாஸ் பாய்கிட்டச் சண்டை கூடப் போட்டேன். "அது போனுக்குத் தங்கச்சி, உனக்கில்ல," அப்படின்னாரு சிரிச்சுக்கிட்டே. தெரியும். தெரிஞ்சும் விரல் போக மாட்டேங்குது. அழுத்திட்டா தெருவுல அவ இழை மட்டும் பிரிஞ்சு உதிர்ந்துடும், அப்புறம் அவ மாவு மில்லைத் தாண்டினா தாண்டினதுதான், எங்க இருக்கா, ஓடறாளா, அழறாளான்னு மத்த அம்மாக்களாட்டம் நானும் தெரியாமத்தான் இருக்கணும். இருந்துக்கலாம். எல்லாரும் இருக்காங்கல்ல. இதோ கட்டை விரலை வச்சுட்டேன், அழுத்தறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை வெளியில போய் அந்த நூலைத் தொட்டு... இருங்க, யாரோ கூப்பிடறாங்க, தெரு முக்குல இருந்து, தறிச் சத்தத்தையும் மீறி, மூச்சு விடாம, "அம்மா ஐஸ் வண்டி போகுது சீக்கிரம் வா நான் நிறுத்தி வச்சிருக்கேன்"னு, பூவி, அவ்வளவு தூரத்துல இருந்து என் பூவி, வந்துட்டேன் சாமி, இதோ வந்துட்டேன், நான் என்ன எழுத வந்தேன்னா, இனிமே இந்த நூலு